அணைக்கும் முன்

கோல்டன் ஊருக்கு மேலே, இறக்கம் தொடங்கும் இடத்தில்
பிரேக் பார்க்கும் தரிப்பிடம்.
அதிகாலை நாலு மணி. இறங்கினேன்.
சக்கரம் சக்கரமாய்க் குனிந்து ரோர்ச் அடித்தேன்,
காற்றுக் கசிகிறதா என்று காது வைத்தேன்.
கசியவில்லை. என் மூச்சுத்தான் சீறியது.

கல்கரியில் பலகையெல்லாம் இறக்கியாச்சு.
ட்ரெய்லர் வெறும் தட்டு.
பாரம் இருந்தால் மலை பின்னாலிருந்து தள்ளும்,
அது ஒரு பயம்.
வெறுமையாய் இருந்தால்
வழுக்கும் றோட்டில் பின்சக்கரம் பிடி விட்டு
வால் சுற்றி வந்து கண்ணாடிக்குள் எட்டிப்பார்க்கும்.
அது வேறு பயம்.

எஞ்சின் பிரேக்குக்கு மூன்று படி.
காய்ந்த றோட்டென்றால் மூன்றையும் போட்டுவிட்டுக்
காலைச் சும்மா வைத்திருப்பேன்.
எஞ்சின் மலையைக் கடித்துக் கடித்து இறங்கும்.
அந்தத் தடதடப்பு எனக்குப் பிடிக்கும், ஏன் ஒளிப்பான்?
பெரிய மிருகம் ஒன்று
எனக்காகக் கோபப்படுவதுபோல இருக்கும்.

இன்றைக்குக் கறுப்புப் பனி.
சுவிட்சை நிறுத்தினேன்.
உச்சியிலேயே கியரைக் குறைத்துக்கொண்டேன்.
பாதி இறக்கத்தில் கியர் தேடினவர்களின் லொறிகளை
இழுவை வாகனக்காரர்தான் வந்து தேடுவார்கள்.
அழுத்து, வேகம் விழட்டும், விடு.
பிறகு அழுத்து.
தொடர்ந்து மிதித்தால் ட்ரம் புகையும்.
பின்னுக்குக் கட்டிலில் ஒக்சானா
தூக்கத்திலேயே தன் பாஷையில் எதையோ எண்ணினாள்.

அடிவாரத்தில் மஞ்சள் பலகை:
ஊருக்குள் எஞ்சின் பிரேக் போடவேண்டாம்.
எத்தனையோ தரம் வாசித்த பலகை.
போடாமலே வந்த இன்றைக்குத்தான்
அதற்குப் பின்னால் வீடுகள் இருப்பது தெரிந்தது.
ஒரு யன்னலில் வெளிச்சம்.
யாரோ பால் கரைக்கிறார்கள், அல்லது
யாருக்கோ நித்திரை வரவில்லை.

லொறித் தரிப்பில் மஞ்சள் குமிழை இழுத்தேன், சிவப்பை இழுத்தேன்.
புஸ்ஸென்று காற்று இறங்கியது.
திறப்பில் கை வைத்து, எடுத்துவிட்டேன்.

சூட்டோடு சூடாக எஞ்சினை அணைக்கக்கூடாது.
மூன்று நிமிடம், முடிந்தால் ஐந்து, சும்மா ஓடவிடவேண்டும்.
இல்லாவிட்டால் டர்போ இன்னும் சுழலும்,
எண்ணெயோ ஓட்டத்தை விட்டுவிடும்;
நின்ற இடத்திலேயே கருகி அச்சில் ஒட்டும்.
ஒரு நாளில் தெரியாது.
ஒரு நாள் தெரியும்.

உண்மையைச் சொன்னால்
இன்றைக்கு அதற்கு அவசியமே இல்லை.
இறக்கம் முழுக்க எஞ்சின் ஆறித்தான் வந்தது.
நான்தான் ஆறவில்லை.

நேற்றுப் பின்னேரம் லேக் லூயிஸில் சுகிர்தாவின் அழைப்பு.
லொறி வாங்க அவள் தந்த முற்பணம்.
எப்ப தருவாய், அக்கா? அவ்வளவுதான் கேட்டாள்.
நான் சொன்னேன்:
பிள்ளை இல்லாத வீட்டில் காசுக்கு என்ன அவசரம்?
சொல்லிவிட்டு
அதே சூட்டில் போனை அணைத்தேன்.

பன்னிரண்டு மணித்தியாலம்.
அந்த வசனம் எங்கே கருகி ஒட்டியிருக்கும் என்று
எனக்குத் தெரியும்.

மூன்று நிமிடம் முடிந்தது. ஐந்தும்.
திறப்பைத் திருப்பினேன்.
சத்தம் நின்றதும் மலை பக்கத்தில் வந்து நின்றது.
இறங்கி, எஞ்சினைச் சூடாக்கும் வயரைக் கம்பத்தில் செருகினேன்,
விடிந்ததும் ஸ்டார்ட் ஆகவேண்டுமே.
எங்கேயோ இரும்பு சுருங்கி டிக், டிக் என்றது.

ரொறொன்ரோவில் ஆறே முக்கால்.
எழும்பியிருப்பாள். முதல் ஷிப்ட்.

மணி போனது. எடுத்தாள்.
நான் பெயரை மட்டும் சொன்னேன், அவளுடையதை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கேத்தில் கொதிக்கும் சத்தம் வந்தது,
பிறகு அதுவும் நின்றது.
வைக்கவில்லை.